அடையாறு கடையின் நஷ்டம்

மார்ச் 26, வியாழன்

காலையிலேயே புழுக்கம். கடையில் ஃபேன் ரிப்பேர். வாங்க வேண்டியது: பில் ரோல், ஃபினாயில்.

மதியம் அண்ணன் வந்தான். தி.நகர் பாத்திரக் கடையை அவன் பார்க்கிறான், அடையாறு கிளையை நான். இரண்டுக்கும் இருவரும் பங்குதாரர்கள். கையில் ஆடிட்டரின் உத்தேச வரவு செலவு அறிக்கை, கிளையை மூடும் பத்திரம்.

"அடையார் நஷ்டம்மா. ஏப்ரல்ல ஷட்டரை இறக்கிடலாம். சைன் போடு."

"படிச்சுட்டுச் சொல்றேன்."

"படிக்க என்ன இருக்கு? கடைசி வரியைப் பாரு, போதும்."

கல்யாணமான வருடத்திலிருந்து கால் கடுக்க நின்று வளர்த்த கடை. கடைசி வரியாம்!

மார்ச் 27, வெள்ளி

முதல் வரியிலிருந்து படித்தேன். விற்பனை கூடியிருக்கிறது. வாடகை, கரண்ட், சம்பளம் போன வருடம் போலத்தான். அப்புறம் ஒரு வரி: பழைய சரக்கு மதிப்புக் குறைப்பு. என் லாபம் மொத்தமும் அதில் போயிருக்கிறது. தி.நகர் அறிக்கையில் அதே இடத்தில் வெறும் கோடு. அத்தனை பெரிய கடையில் விற்காத டிபன் கேரியர் ஒன்றுகூடக் கிடையாதாம்!

எப்படி இருக்கும்? விற்காததையெல்லாம் இங்கே தள்ளிவிடுகிறானே. கைப்பிடி ஆடும் குக்கர், யாரும் கேட்காத எவர்சில்வர் டப்பா. வாங்கிய முழு விலைக்கு என் கணக்கில் ஏற்றுகிறான். மார்ச் கடைசியில் ஆடிட்டர் சரக்கை எண்ணி, பழசுக்குப் பாதி விலை வெட்டுவார். எந்தக் கடையில் கிடக்கிறதோ அந்தக் கடைக்கு நஷ்டம். மூட மாட்டேன்.

மார்ச் 30, திங்கள்

டெம்போ வந்தது. அண்ணன் அனுப்பிய பழைய சரக்கு அத்தனையும் தி.நகருக்கே திருப்பி ஏற்றியாயிற்று. அவன் என் கணக்கில் எழுதிய அதே முழு விலைக்குச் சலான்.

டெம்போ ஓட்டும் மணிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "இன்னா மேடம், நான் ஏத்திக்கினு வந்த சரக்கையே என்கிட்ட திருப்பி ஏத்துறீங்க?"

"ரெண்டு பக்கமும் வாடகை உனக்குத்தானே. போ."

கடையில் வேலை பார்க்கும் மும்தாஜுக்குப் பயம். "அக்கா, அண்ணே கத்துவாரு."

"கத்தட்டும்."

பத்திரமும் அதே வண்டியில் போயிற்று, கையெழுத்தில்லாமல். டீ இரண்டு.

மார்ச் 31, செவ்வாய்

ஃபேன் சரியாகிவிட்டது. ஆடிட்டர் காலையில் இங்கே எண்ணி முடித்துவிட்டு தி.நகர் போனார். நான்கு மணிக்கு அண்ணன் போன்.

"என்னடி பண்ணி வெச்சிருக்க? ஆடிட்டர் பக்கத்துல நிக்கிறாரு. இந்தக் குப்பையை எவன் வாங்குவான்?"

"அதை அவர்கிட்ட சத்தமா சொல்லுண்ணே."