நான்காவது தகடு

ஜூன் 4
இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் காட்டவே காட்டாதீர்கள்.

அம்மா வேலை பார்க்கும் கிடங்கில், சரக்கு லிஃப்டின் கம்பிவடங்களைப் பிடிக்க நான்கு தகடுகள் வேண்டுமாம். பின்னறையில் அப்பா சொந்தமாகக் கட்டிய, கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷினில் வெட்டப்போகிறார். என்னைக் காவலுக்கு நிறுத்தினார்.

"ஃபாக்டரி மெஷின்ல மோட்டாருக்குப் பின்னாடி கண்ணு மாதிரி ஒண்ணு இருக்கும். முடியளவு தள்ளிப்போனாலும் கத்திட்டு நின்னுடும். நம்மளது ஸ்டெப்பர் மோட்டார். கண்ணைக் கட்டிக்கிட்டு அடி எண்ணி நடக்கும். இதுக்கு நீதாம்மா கண்ணு."

ஜூன் 5
நான்காவது தகடு ஓடும்போது அப்பா போன் பேச வெளியே போனார். என் துப்பட்டா நுனி, வெட்டும் தலையை நகர்த்தும் திருகுதண்டில் சிக்கியது. இழுத்தேன். மோட்டார் கொர்ரென்று உறுமியது. துணி கையோடு வந்துவிட்டது. மெஷின் ஒன்றும் நடக்காததுபோல் வெட்டிக்கொண்டே போனது.

மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கியிருக்க வேண்டும். துப்பட்டாவோட கிட்ட நிக்காதேன்னு எத்தனை தடவை சொன்னார்... திட்டுவாரேன்னு வாயே திறக்கல.

அப்பா முதல் தகட்டை மட்டும் அளந்தார். ஒன்று சரியென்றால் எல்லாம் சரிதானாம்.

ஜூன் 6
பெயிண்ட் அடிப்பது என் வேலை. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். மூன்று தகடுகளில் கம்பிவடம் மாட்டும் துளைக்கும் விளிம்புக்கும் நடுவே பத்து மில்லிமீட்டர். நான்காவதில் ஆறு.

அதற்கு மட்டும் இரண்டு பூச்சு அடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன்?

ஜூன் 9
கிடங்கு லிஃப்டில் தகடுகளை மாட்டிவிட்டார்கள். அம்மாவுக்கு ஒரே பெருமை. "கீழ நின்னு மூட்டை எண்ணும்போது தலைக்கு மேல தொங்குதேன்னு பயமா இருக்கும். இப்ப இல்ல. உங்கப்பா பிடிச்சுக்கிட்டிருக்கார்ல."

ஜூன் 10
தூக்கம் வரவில்லை.

ஜூன் 12
லிஃப்ட் ஏறும்போது டக்கென்று ஒரு சத்தம் வருகிறதாம். புதுசு, பழகிவிடும் என்றார் அப்பா.

சாப்பிடும்போது கேட்டேன், ஓடுற மெஷினை யாராவது இழுத்தா என்ன ஆகும்ப்பா என்று.

"அதுக்குத் தெரியாது. சரியாத்தான் போறோம்னு நெனச்சுக்கிட்டுப் போகும். ஏன்?"

"சும்மா."

ஜூன் 13
மணி ஒன்பதரை. அம்மா தினமும் ஏழுக்கே வந்துவிடுவாள். எட்டு மணிக்கு அப்பாவுக்கு ஒரு போன் வந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினார். பிறகு அம்மாவைப் போலவே அவரும் போனை எடுக்கவில்லை.

இன்று சொல்லிவிடுவதென்று காலையிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அப்பா, நான்காவது தகட்டை அளந்து பாருங்க. இவ்வளவுதான். ஐந்தே சொல்.

வாசல் கதவைத் தட்டுகிறார்கள். அம்மாவிடம் சாவி இருக்கிறது. அப்பாவிடமும் சாவி