அத்தாவின் கட்டுரைக்கு ஒரு பதில்

புதுப்பட்டினம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பி சைஃபுல்லாவுக்கு, அக்கா ஷஹர்பானு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. அதில் பாதிதான் உண்மை என்பதால் விட்டுவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் எதை எழுதினாலும் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு நீ அடுத்த வேலைக்குப் போய்விடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து கடிதமாகவே எழுதி மின்னஞ்சலில் அனுப்புகிறேன். அம்மாவும் ஹனியாவும் மீன் வாங்கப் போயிருக்கிறார்கள். கரண்ட் இருக்கிறது. இதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்காது.

அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான். தொழுகைக்கு நாற்காலி போட்டாகிவிட்டது. ஹனியா ஆறாம் வகுப்பு போகிறாள். கருந்துளையை மாமா நேரில் பார்த்திருக்கிறாரா என்று பள்ளியில் கேட்கிறார்களாம், நீயே பதில் சொல்லிக்கொள். எனக்கு நாவலூர் ஆபீஸ், வீடு, மறுபடி ஆபீஸ். பஸ்ஸில் ஏறினதும் தூங்கிவிடுகிறேன். எழுப்பிவிடுவதற்கென்றே பக்கத்து சீட்டுப் பெண்ணைப் பழக்கிவைத்திருக்கிறேன்.

இனி அத்தா விஷயம். நெஞ்சு வலி என்று செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனது உனக்குத் தெரியும். வாயு என்று அம்மா உன்னிடம் சொன்னது பொய். இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு. பைபாஸ் செய்தாக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தா நகர மறுக்கிறார். கேட்டால் ஒரே பதில்தான்: "சைஃபு பேசட்டும், அப்பால பாத்துக்கலாம்." வெள்ளிக்கிழமை தவறாமல் பேசுகிறானே என்றால், அது பேச்சில்லையாம். தன் கட்டுரையைப் பற்றி நீ பேச வேண்டுமாம். நானும் கத்திப் பார்த்துவிட்டேன், அம்மா அழுதும் பார்த்துவிட்டாள்.

அத்தா உனக்கு அனுப்பிய ஃபைலை நீ திறந்தாயா என்று எனக்குத் தெரியாது, அதனால் என்ன கட்டுரை என்று நானே சொல்கிறேன். ஒரு விண்மீன் மண்டலத்தின் ஓரத்தில் சுற்றும் விண்மீன்கள் மெதுவாகச் சுற்ற வேண்டும், ஆனால் உள்ளே இருப்பவற்றின் வேகத்திலேயே சுற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பொருள் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள். அது எங்கே எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் உன் வேலை. பேப்பரில்கூட உங்கள் குழுவின் படம் வந்தது, அத்தா அதைக் கடையில் ஒட்டியிருக்கிறார். அப்படி ஒரு பொருளே தேவையில்லை, தெரிகிற விண்மீன்களின் ஈர்ப்பை ஒழுங்காகக் கூட்டினாலே போதும் என்பதுதான் அத்தாவின் கட்டுரை.

சிரிக்காதே. பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு ஆணியும் பெயிண்டும் விற்க உட்கார்ந்த மனிதர். கடைக்கு வரும் கல்பாக்கம் விஞ்ஞானிகளிடம் பழைய ஆய்விதழ்களைக் கேட்டு வாங்கிப் படித்தார். எதற்காக ஆரம்பித்தார் தெரியுமா? நீ போன் செய்தால் "சாப்ட்டியா, அங்க குளிரா" என்பதோடு பேச்சு தீர்ந்துபோகும். "அவன் வேலையப் பத்தி ஒரு கேள்வி கேக்கணும்னாகூட எனக்குக் கொஞ்சம் தெரியணும் இல்ல?" என்று என்னிடம் சொன்னார். அந்த ஒரு கேள்விதான் நாற்பது பக்கத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிறது.

அதை உனக்கு அனுப்பினார். "அருமை அத்தா, ரொம்ப இன்ட்ரஸ்டிங்கா இருக்கு, டைம் கிடைக்கும்போது டீட்டெயிலா பேசலாம்" என்று பதில் போட்டாய். திருகாணி வாங்க வந்தவனுக்குக்கூட அந்தப் பதிலைக் காட்டினார்.

போன டிசம்பரில் மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் இயற்பியல் மாநாடு நடந்தது. சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டார். அங்கே அவரைப் பார்த்த ஒரு கல்பாக்கம்காரர் போன் செய்ய, நான் ஆபீசிலிருந்து ஓடினேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு டீ மேசை பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கொடுத்துக்கொண்டிருந்தார். யாரும் விரட்டவில்லை. எல்லோரும் புன்னகையோடு வாங்கிக்கொண்டு "இன்ட்ரஸ்டிங்" என்றார்கள், நீ சொன்ன அதே வார்த்தை. உள்ளே போய்ப் பார்த்தால் பிரதிகளின் மேல் டீக் கோப்பைகள். அவர் பார்ப்பதற்குள் பொறுக்கி என் பையில் திணித்துக்கொண்டேன். சைஃபு, எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்தது. அவரால் அல்ல.

அதற்குப் பிறகு அவர் கட்டுரையைப் பற்றி வாயே திறக்கவில்லை. மனம் விட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொண்டோம். ஆபரேஷன் பேச்சு வந்ததும் மறுபடி உன் பதில், உன் பதில் என்று ஆரம்பித்தார்.

எனக்கும் அலுத்துவிட்டது. நானே படித்துப் பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எம்.எஸ்சி. துருப்பிடித்துக் கிடந்தாலும் மென்பொருளில் பிழை தேடுவதற்குத்தானே எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஒரு பிழை கிடைத்தது. சின்னது இல்லை, அதை எடுத்தால் மொத்தக் கணக்கும் சரிந்துவிடும்.

நேற்று மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, பெயிண்ட் டின்களுக்கு நடுவில் உட்கார்ந்து, மெதுவாக எடுத்துச் சொன்னேன். நெஞ்சைப் பிடித்துக்கொள்வாரோ என்று ஒரு கண் அவர்மேலேயே இருந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, "இன்னாம்மா, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? மகாபலிபுரத்துலேர்ந்து வந்த வாரமே பாத்துட்டேன். தப்புதான்" என்றார்.

தப்பு என்று தெரிந்த பிறகும் எதற்கு இப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள் என்று கத்தியேவிட்டேன். அதற்கு அவர் சொன்னது: "தப்புன்னு அவன் சொல்லுவான்னுதான் குந்திகினு கீறேன். அவன் படிப்புக்கு ஒரு டீ குடிக்கிற நேரத்துல கண்டுபுடிச்சிடுவான். படிச்சான்னா."

நீ அருமை என்று எழுதியது அந்தப் பிழை இருந்த பிரதிக்குத்தான், தம்பி. அது அவருக்கு இத்தனை மாதமாகத் தெரியும். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் உன்னிடம் குளிரைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

உனக்கு வேலை அதிகம், வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அலைகிறாய், தெரியும். உன்மேல் கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன், இருக்கிறது. ஆனால் திட்டுவதற்கும் எனக்குத் தெம்பில்லை.

கட்டுரையை இதோடு மறுபடி இணைத்திருக்கிறேன். தப்பு தனக்கே தெரியும் என்பதை உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார், அதை மீறிவிட்டேன். ஆனால் பிழை எந்தப் பக்கத்தில் என்று எழுதமாட்டேன். அழுது கேட்டாலும் சொல்லமாட்டேன். முதல் பக்கத்திலிருந்து நீயே படி. படித்துவிட்டு, கடைக்கு மத்தியானத்தில் கூப்பிடு. பாராட்டாதே, பூசி மெழுகாதே. இந்த இடத்தில் நீங்கள் தப்பு அத்தா என்று சொல். அவர் விடமாட்டார், எதிர்த்து வாதாடுவார். நீயும் விட்டுக்கொடுக்காதே. அதற்கப்புறம் செங்கல்பட்டுக்கு அவரை அழைத்துப் போவது என் பொறுப்பு.

உன் வேலையில் அல்லாஹ் பரக்கத்தைத் தரட்டும், உன் உடம்பைக் காக்கட்டும். எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அக்கா
ஷஹர்பானு