மின்விசிறி மட்டும் தெரியும் வீடியோ

என்னங்க,

அசந்து தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன்.

நம்ம போட்டோ, வீடியோ எல்லாம் போட்டு வைக்க ஸ்டோரேஜ் பெட்டி வாங்கணும்னு பேசினோமே, அந்தக் கடைக்காரர் பதினோரு மணிக்கு வருவார். ரெண்டு ஹார்ட் டிஸ்க் இருக்கிறதையே வாங்குங்க. ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல எல்லாம் அப்படியே இருக்கும். "ஒரு டிஸ்க் போதும், பாதி குப்பைதானே"ன்னு நேத்து சொன்னீங்களே, அந்தக் கோபம் எனக்கு ராத்திரி முழுக்க ஆறல.

காலையில உங்க 'குப்பை' ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். நாப்பது நிமிஷ வீடியோ ஒண்ணு. பாப்பா பிறந்த புதுசுல, ஒரு மத்தியானம், கேமராவை அணைக்காமலே மேசையில வச்சிருக்கீங்க. மின்விசிறி மட்டும் சுத்துது. திரைச்சீலை நிழல் கூரையில தண்ணி மாதிரி அலையுது. பார்க்கப் பார்க்க நானும் அதுலயே மிதந்துட்டு இருந்தேன். அப்போ பாப்பா அழுகுது. உங்க காலடிச் சத்தம். "அம்மா இப்பதான் கண்ணசந்தா, எழுப்பிடாதடி தங்கம்"னு கெஞ்சுறீங்க. அப்புறம் மெட்டே இல்லாத ஒரு பாட்டு, அரைமணி நேரம்.

சாவி செருப்பு ஸ்டாண்டு மேல.

பி.கு: பெட்டியில முதல்ல அந்த வீடியோவை ஏத்துங்க.

இன்னும் ஒண்ணு: என் பிள்ளை கைக்குழந்தையா இருந்தப்போ மத்தியானத்துல அழவே அழாதுன்னு எட்டு வருஷமா ஊரெல்லாம் பெருமையடிச்சிட்டுத் திரியறேன். நீங்களும் பக்கத்துல நின்னு தலையாட்டுவீங்களே! சரியான திருடன்.