வாடகைக் காருக்கு யார் பெயரில் அர்ச்சனை

காஜா பேராங்,
மலாக்கா.
26-6-1960, ஞாயிறு

அன்பு மகன் கருணாகரனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கை மல்லிகாவும் மாரியம்மன் கிருபையில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், லண்டனில் நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு பேனாவை எடுத்திருக்கிறேன், இல்லை என்றால் ஒளிக்காமல் எழுது. அங்கே வெயில் காலம் வந்துவிட்டது, ஸ்வெட்டரை மட்டும் கழற்ற முடியவில்லை என்று எழுதியிருந்தாய், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காய்கிற வெயில் என்ன வெயிலோ எனக்கு விளங்கவில்லை. தோட்டத்து வீட்டைக் காலி செய்து இங்கே டவுனுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வீடு சின்னதுதான், ஆனால் குழாயைத் திறந்தால் தண்ணீர், பாசார் நடக்கிற தூரம், கோயில் மணி அடுப்படிக்குக் கேட்கிறது. மல்லிகா மூன்றாம் பாரத்துப் பரீட்சைக்குப் படிக்கிறாள், அதாவது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். இந்தக் கடிதத்துக்குத் தாள் அவளுடைய கொப்பியிலிருந்து கிழித்ததுதான், ஏர்மெயில் நீலத்தாளில் நான் சொல்லவேண்டியது அடங்காது.

கார் விஷயமாக நீ எழுதிய நாலு பக்கமும் வந்தது. நாலு பக்கத்துக்கும் சாரம் ஒன்றுதான், வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். அப்பா அதை மூன்று தடவை படித்தார், பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தார். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். பார்க்கர் துரை அந்த இரண்டு கதவு ஜாகுவாரைக் கொண்டுவந்து மூன்று வருஷம் ஆகிறது. குருபோங் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் டிரைவராக இருந்த மனிதர் உன் அப்பா, லேண்ட்ரோவர் ஓட்டினார், மேம்சாபுக்குப் பெரிய கார் ஓட்டினார், ஆனால் ஜாகுவாரை மட்டும் துரையே ஓட்டுவார். அப்பாவுக்குக் கிடைத்ததெல்லாம் அதைக் கழுவுவதும் துடைப்பதும், மழை வந்தால் பங்களா வாசலிலிருந்து ஷெட்டுக்குக் கொண்டுபோய் விடுவதும்தான். அது முப்பது அடி இருக்கும். அந்த முப்பது அடியை ஓட்டிவிட்டு வீட்டுக்கு வருகிற அன்றைக்கு மனிதர் இரண்டு பிடி சோறு கூடச் சாப்பிடுவார், நான் கவனித்திருக்கிறேன். இப்போது துரை வேலையை விட்டு ஊருக்குப் போகிறார், அந்த வேலைக்கு இனி நம் ஆட்களே வருவார்கள். போகும்போது அப்பாவைக் கூப்பிட்டு, இந்தக் காரை இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளிக்கு நீயே வாங்கிக்கொள், முடியாது என்றால் மாத வாடகைக்கு இரண்டு வருஷம் வைத்துக்கொள், பிறகு ராஜரத்தினம் கராஜில் விட்டுவிடு, அவர் விற்றுப் பணத்தை எனக்கு அனுப்புவார் என்று சொன்னார். ராஜரத்தினம் யார் என்றால், ஜாலான் பெண்டஹாராவில் கராஜ் வைத்திருப்பவர், அப்பாவுக்கு இப்போது வேலை அங்கேதான்.

நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. வருஷம் ஆக ஆகக் காரின் விலை இறங்கும், இரண்டு வருஷத்தில் ஆசை தீர்ந்துவிடும், வேலையை விட்டபோது தோட்டத்தில் கொடுத்த பணத்தைத் தொடாமல் வைத்திருந்தால் பிறகு நாலு கதவுக் காராக வாங்கி டாக்சி விடலாம், எல்லாம் சரி. நானும் உன் கட்சிதான். அந்தக் காரைப் பார்த்தவர்கள் யாரும் அதைக் குடும்பத்துக்கு வாங்கமாட்டார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒரு சீட் என்று பெயருக்கு ஒன்று இருக்கிறது, அதில் மல்லிகாவை மடித்துத்தான் வைக்கவேண்டும். பெட்ரோலைக் குடிக்கிற குடியைப் பார்த்தால் அதற்கும் சேர்த்து ஒரு அடுப்பு மூட்டவேண்டும் போல. ஆனாலும் அப்பாவின் முகத்தைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை, எப்படியாவது அதற்கு ஒரு உபயோகம் கண்டுபிடிக்கலாம் என்று யோசித்து, கல்யாண ஊர்வலத்துக்கு விடலாமே, பொண்ணு மாப்பிள்ளை இரண்டு பேர்தானே என்று பெரிய மந்திரி மாதிரி சொன்னேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். சரி, அப்போ காரை யாரு ஓட்டறது, மாப்பிள்ளையா என்று கேட்டார். மல்லிகா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சரி, வாடகைக்கே எடுங்கள், கருணா சொன்னபடியே ஆகட்டும் என்று நானே முடித்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளி, முதல் மாத வாடகையைக் கொடுத்துவிட்டு அப்பா காரை ஓட்டிக்கொண்டு வந்தார். எவ்வளவு மெதுவாக வந்தார் என்றால் சைக்கிள்காரர்கள் இரண்டு பேர் முந்திக்கொண்டு போனார்கள். வாடகையோ சொந்தமோ, வீட்டுக்கு வண்டி வந்தால் கோயிலுக்குக் கொண்டுபோகாமல் இருப்பதா. நான் முதல் நாளே நாலு எலுமிச்சம்பழம், கற்பூரம், பூச்சரம், தேங்காய் எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். மாரியம்மன் கோயில் வாசலில் நிறுத்தினோம், குருக்கள் வந்து மூன்று கோடு விபூதி பூசி, சந்தனம் வைத்து, பூச்சரத்தைக் கட்டினார். வெள்ளிக்கிழமை ஆனதால் நல்ல கூட்டம். எல்லாரும் காரைச் சுற்றி நின்று பார்த்தார்கள், பின்னே பச்சை நிறத்தில் அப்படி மின்னுகிறதே, மூன்று வருஷம் துடைத்த கை யாருடையது. குருக்கள் தட்டை எடுத்துக்கொண்டு, யார் பேருக்கு அர்ச்சனை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா சொல்கிறார், பார்க்கர்.

குருக்களுக்கு விளங்கவில்லை. எந்தப் பார்க்கர் என்றார். பார்க்கர் தொரை சாமி, காரு அவரோடது, நம்ம வாடகைக்குத்தான் எடுத்திருக்கோம், நம்ம பேரச் சொன்னா அது பொய்யாயிடும் இல்ல என்றார் அப்பா. நட்சத்திரம் என்ன என்று கேட்டார் குருக்கள். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, கிறிஸ்மஸ் கிட்டத்துல பொறந்தாரு, கேக் வெட்டுவாங்க என்றார். குருக்கள் பொறுமைசாலி. பெயரின் முதல் எழுத்தை வைத்துக் கணக்குப் பார்த்து, பா வந்தா உத்திரம், கோத்திரம் தெரியாட்டா சிவகோத்திரம் என்று சொல்லிவிட்டுப் போய், காஜா பேராங் மாரியம்மனுக்கு முன்னால் பார்க்கர் நாமதேயம், உத்திர நட்சத்திரம், சிவகோத்திரம் என்று கணீர் என்று அர்ச்சனை செய்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை கருணா. இருபத்திரண்டு வருஷம் அந்த மனிதர் அடுத்தவர் காரைத் தன் காரைப்போலப் பார்த்துக்கொண்டார். இப்போது தானே காசு கொடுத்து, தன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியும், சாமியிடம் தன் பெயரைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எலுமிச்சம்பழம் நசுங்கி வண்டி நகர்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கற்பூரப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஏறி உட்கார்ந்ததும் வீட்டுக்கு வேண்டாம், நேரே குருபோங் விடுங்கள் என்றேன். எதுக்கு என்றார். விடுங்கள் என்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் பங்களாவுக்குப் பின்வாசல் வழியாகத்தான் போயிருக்கிறேன், அன்றைக்கு முன்படி ஏறினேன், மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து மூன்று வருஷம் ஆகிறது, நான் படி ஏறுவதற்குத்தான் கொஞ்சம் தாமதம். சுற்றிலும் பெட்டிகள் கட்டிக் கிடந்தன. துரை நாற்காலியைக் காட்டினார், உட்கார்ந்தேன், அப்பா மட்டும் தூணோரம் நின்றார். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன், துவான், வாடகை வேண்டாம், விலைக்கே வாங்கிக்கொள்கிறோம். என்ன ஆயிற்று என்று கேட்டார். கோயிலில் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. என் பெயருக்குப் பூஜை செய்தால் எனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டார். பிரயாணம் பத்திரமாக இருக்கும் என்றேன். சரி, கப்பலில் போகிற எனக்கு அது தேவைப்படும், அதை நான் வைத்துக்கொள்கிறேன், காரை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த ஒரு பேச்சுக்காக அவர் மேல் எனக்கு இருந்த பழைய கோபத்தில் பாதியை விட்டுவிட்டேன், மீதி இருக்கட்டும். கொடுத்திருந்த வாடகையை விலையில் கழித்துக்கொண்டார். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவர், வேணாம் பூங்கா, கருணா வேணாம்னு எழுதியிருக்கான் என்று மெதுவாகச் சொன்னார். கருணாவுக்கு நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன். இதோ எழுதுகிறேன். உன் பேச்சைத் தட்டிவிட்டேன் என்று வருத்தப்படாதே, கோபம் வந்தால் என்மேல் வை, அப்பாவுக்கு ஒன்றும் எழுதாதே.

வியாழக்கிழமை பத்திரம் மாறியது, உரிமையாளர் என்ற இடத்தில் மருதமுத்து என்று டைப் அடித்திருக்கிறது, மல்லிகா படித்துக் காட்டினாள். முந்தாநாள் வெள்ளிக்கிழமை மறுபடியும் கோயிலுக்குப் போனோம். மறுபடியும் நாலு எலுமிச்சம்பழம். குருக்கள் எங்களைப் பார்த்ததுமே, இன்னைக்கு எந்தத் தொரை பேருக்கு என்று கேலி செய்தார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, மருதமுத்து, பரணி நட்சத்திரம் என்றார். பின்வரிசையில் நின்றவருக்கும் கேட்டிருக்கும். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒன்று நடந்தது, அதை உன்னிடம்தான் சொல்லமுடியும். நான் ஏறுவதற்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், நான் உட்கார்ந்ததும் சாத்திவிட்டுச் சுற்றி வந்து ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, எங்க போகணும் என்று கேட்டார். உங்கள் கார், நீங்களே சொல்லுங்கள் என்றேன். மனிதர் யோசித்தார். எஞ்சின் ஓடுகிறது, பூக்காரி பார்க்கிறாள், இவர் யோசித்துக்கொண்டே இருக்கிறார். முவார், ஜாசின், சிங்கப்பூர் என்று அவர் போகாத ரோடு இல்லை, ஆனால் எல்லாம் யாரோ பின்னால் உட்கார்ந்து சொன்ன இடம். கடைசியில், வீட்டுக்கே போயிடலாம் என்றார். அரை மைல் தூரம் ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். இத்தனை பணத்தைக் கொட்டி அவருக்கு இன்னொரு துடைக்கிற வேலையை வாங்கிக் கொடுத்துவிட்டேனோ என்று நேற்றெல்லாம் அதே நினைப்பு. ஆனாலும் வாங்கியது தப்பு என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. நீ சொன்ன டாக்சியை வாங்கியிருந்தாலும், எங்கே போகணும் என்று ஒரு நாளைக்கு இருபது பேரைக் கேட்டுக்கொண்டுதானே இருப்பார்.

உன் நாலு பக்கக் கணக்கைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், பரீட்சையில் அதையே எழுது, முதல் மார்க் கிடைக்கும். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே, சாப்பிடாமல் படிக்காதே, ரொட்டியையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. மருந்துப்பொடி ஒரு டின்னில் போட்டு அனுப்புகிறேன், யாராவது கேட்டால் பல்பொடி என்று சொல். நீ படித்து முடித்துத் திரும்பும்போது சிங்கப்பூர் துறைமுகத்துக்கு அந்தப் பச்சைக் கார்தான் வரும், முன் சீட் உனக்கு, நான் பஸ்ஸில் வந்துகொள்வேன்.

இன்னும் அரைப் பக்கம் எழுத இருந்தது, முடியாது போல் இருக்கிறது. காலையிலிருந்து வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த மனிதர் துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு அடுப்படிக்கு வந்து, பூங்கா, கெளம்பு, போர்ட்டிக்சன் போறோம், கடலப் பார்த்துட்டு வரலாம் என்றார். போகலாமா என்று கேட்கவில்லை, நன்றாகக் கவனித்துக்கொள், போறோம் என்றார். சோறு வடிக்கவில்லை என்றேன், அங்க சாப்பிட்டுக்கலாம் என்றார். மல்லிகா புத்தகத்தை வீசிவிட்டு ஓடிப்போய்ப் பின் சீட்டில் தன்னைத் தானே மடித்துக்கொண்டாள். நான் இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ நீண்ட ஆயுசோடு, நல்ல பெயரோடு, நினைத்த படிப்பை முடித்து வரவேண்டும், அம்மன் உன் கூடவே இருப்பாள். உடனே பதில் போடு, அப்பா பெயருக்கே போடு. வாசலில் ஹாரன் அடிக்கிறார் கருணா, இது இரண்டாவது தடவை. இத்தனை வருஷமாக ஹாரன் சத்தம் கேட்டு ஓடியவர் இன்றைக்கு என்னை அவசரப்படுத்துகிறார். அடிக்கட்டும், மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

என்றும் உன் நலம் விரும்பும் அம்மா,
ம. பூங்காவனம்