சுவருக்கு அப்பால் தண்ணீர்

மே 6, செவ்வாய்
ஏழு மணிக்கே சுள்ளென்று வெயில். ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மார்கழியில் வந்து, தளும்பத் தளும்ப இருந்ததைப் பார்த்து மயங்கி, சென்னை ஃபிளாட்டை விற்று இந்த ஏரிக்கரை வில்லாவை வாங்கினோம். கோடையில் காய்ந்துவிடும் என்று மரக்காணத்தில் எந்த டீக்கடையில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கேட்டால்தானே.

வாங்க: வலி மாத்திரை, ஸ்ட்ரா, டெட்டால், கொசுவர்த்தி.

வசந்தாவின் கட்டிலை மாடி ஜன்னலோரம் நகர்த்தினேன். "தண்ணி எப்போங்க வரும்?" ஐப்பசியில் என்றேன். டாக்டர் கொடுத்த கெடு மிஞ்சினால் ஒரு மாதம். ஐப்பசி எங்கே, என் பெண்டாட்டி எங்கே.

மே 7, புதன்
ஜன்னலுக்கு நேர் எதிரே, காம்பவுண்டு சுவரை ஒட்டி நாலு உப்புப் பாத்திகள். ஒரு வருஷமாகச் சும்மா கிடக்கின்றன. காரணம் நான். காலை ஐந்து மணிக்கு மோட்டார் போட்டு உப்புத்தண்ணீர் இறைக்கிறார்கள், தூக்கம் கெடுகிறது என்று குடியிருப்போர் சங்கச் செயலாளராக உப்பளக்காரருக்குக் கடிதம் எழுதினேன். கோர்ட், கேஸ் என்று மிரட்டி, இங்கிலீஷில். வசந்தா அன்றைக்கே சொன்னாள்: "அவங்க பொழப்புல கை வைக்கிறீங்க."

அந்தப் பாத்திகளில் வேலை பார்த்தது எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் செல்வியும் அவள் புருஷன் ஏழுமலையும்தான். இப்போது வெகுதூரம் நடந்து வேறு அளத்துக்குப் போகிறார்கள்.

பாத்தியில் தண்ணீர் நின்றால் கட்டிலிலிருந்து ஏரி மாதிரியே தெரியும். நாள் முழுக்க இதே நினைப்பு.

மே 9, வெள்ளி
பாத்தியில் தண்ணீர் விட முடியுமா என்று செல்வியிடம் கேட்டேவிட்டேன். வெட்கமாக இருந்தது. செல்வி குக்கரைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "சும்மா விட்டா நிக்காது சார். தரை வெடிச்சுக் கெடக்குது. மிதிச்சு மிதிச்சு கெட்டியாக்கணும். நாலு நாள் ஆவும்."

உப்பளக்காரர் ஒத்துக்கொள்வாரா என்றேன்.

"அப்ப ஒரு லெட்டர் எழுதுனீங்கல்ல. இப்பவும் ஒண்ணு எழுதிக் குடுங்க."

கொடுத்தேன். தமிழில்.

மே 14, புதன்
நாலு நாள் வெயிலில் இரண்டு பேரும் மிதித்தார்கள். இன்று காலை ஐந்துக்கு மோட்டார். எட்டு மணிக்கு அறையின் உட்கூரையில் தண்ணீர் வெளிச்சம் ஆடியது. வசந்தா கண்ணைத் திறந்தாள்.

"தண்ணி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. மேக்கால எங்கேயோ மழையாம்."

எனக்குப் பொய் சொல்ல வராது. திரும்பிக்கொண்டேன். அரை இட்லி சாப்பிட்டாள்.

மே 18, ஞாயிறு
மோர் மட்டும் இறங்குகிறது. பாத்தி ஓரத்தில் வெள்ளை படர ஆரம்பித்துவிட்டது. அவள் பார்ப்பதற்குள் திரையை இழுத்தேன்.

"எதுக்கு மூடறீங்க? உப்பு கட்டறது நல்லாத்தானே இருக்குது."

தெரியுமா?

"மோட்டார் சத்தம் கேட்டப்பவே தெரியும். அது கேட்டு ஒரு வருஷம் ஆச்சுல்ல." மூச்சு வாங்கியது. "ஏரிய விட இதுதாங்க எனக்குச் சந்தோஷம். இனிமே நிறுத்தச் சொல்லாதீங்க."

அழுதுவிட்டேன். அவள் எதிரிலேயே.

மே 23, வெள்ளி
வசந்தா போய்விட்டாள். மதியம் இரண்டேகால். செல்வி வசந்தாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேறொன்றும் எழுத ஓடவில்லை.

ஜூன் 10, செவ்வாய்
மேகமூட்டம். மழை இல்லை. கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும். மீதி மாத்திரைகளை என்ன செய்வது?

எதிரே உப்பு வாருகிறார்கள். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் மோட்டார் சத்தத்தைப் பற்றி மூன்று புகார். கடைசியில் ஒருவர்: "போன தடவை மாதிரி சாரே ஒரு லெட்டர் போட்டா நல்லாயிருக்கும்."

எழுத மாட்டேன், அவர்கள் இறைக்கட்டும் என்று பதில் போட்டேன். போட்ட கையோடு வசந்தாவிடம் படித்துக்காட்டத் திரும்பினேன்.