அவள் வேன் மேலே, நான் கீழே

பிப்ரவரி 14

விருப்ப மனு கொடுத்தாயிற்று. சென்னையில் கட்சி அலுவலக வாசலில் இரண்டு மணி நேரம் வரிசை. எனக்கு முன்னால் நின்ற பெண்கள் நான்கு பேரும் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினார்கள். என் முறை வந்தபோது, "ரேவதி, திருவண்ணாமலை. இருபத்திரண்டு வருஷமா கட்சியில இருக்கேன். ஒரு தடவை ஒன்றிய கவுன்சிலர்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

ரேவதி, எம்.பி. எழுதிப் பார்த்தேன். அடிக்க மனசு வரவில்லை.

பிப்ரவரி 26

கடையிலிருந்து அரிசி வந்தது. மூட்டை மேல் அச்சடித்த படத்தில் கைகூப்பிக்கொண்டு ஆதிலட்சுமி. ஆறு வருஷம் என் பெஞ்சில் உட்கார்ந்தவள். கணக்குப் பரீட்சையில் என் தாளைப் பார்த்து எழுதியவள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டிபன் கடை போட்டு ஆரம்பித்தாள். இப்போது இரண்டு அரிசி ஆலை, கிரிவலப் பாதையில் மூன்று லாட்ஜ், ஒரு பள்ளிக்கூடம். ஐந்து மாவட்டத்துப் பெண்கள் அவள் முகத்தில் விழித்துத்தான் உலை வைக்கிறார்கள்.

மூட்டையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். மின்வாரியத்திலிருந்து வந்ததும் இவர் கவனித்துவிட்டார். "அரிசி உனக்கு இன்னா பண்ணுச்சு?" என்று சிரிக்கிறார். அருள்ராஜுக்கு எல்லாமே சிரிப்பு.

மார்ச் 3

ஆதி எங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டாள். பேப்பரில் படம். தலைவர் கையால் சால்வை. அந்தச் சால்வைக்கு நான் பதினோரு வருஷம் காத்திருந்தேன்.

எதற்குச் சேர்ந்தாள்? இத்தனை நாள் இல்லாத அரசியல் இப்போது எதற்கு? தெரியாத மாதிரி கேட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 17

அவள்தான் வேட்பாளர்.

மார்ச் 18

மாவட்டச் செயலாளர் சக்கரவர்த்தி கூப்பிட்டு அனுப்பினார். அவரை நாங்கள் 'மாவட்டம்' என்றே சொல்வோம். அலுவலகத்தில் முருகையன் அண்ணன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே போனார். முப்பது வருஷமாகக் கட்சி அலுவலகச் சாவி அவரிடம்தான். ஜெயித்தவன் முகமும் தோற்றவன் முகமும் அவருக்கு அத்துப்படி.

"ரேவதி, வருத்தம் இருக்கும். எனக்குத் தெரியாதா? ஆனா அவங்களுக்கு ஊரு தெரியாது, ஆளு தெரியாது. நீ கூட இருந்தாத்தான் இது கரை சேரும்" என்றார் மாவட்டம்.

"ஊரு தெரியாதவங்களுக்கு எதுக்குங்க சீட்டு?"

"செலவு பண்ண ஆள் வேணுமேம்மா." வெட்கமே இல்லாமல் சொன்னார். வெட்கம் எனக்குத்தான் வந்தது.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் சொன்னேன்? இல்லையென்றால் வேறு ஒருத்தி போவாள். அதுவும் பொறுக்காது எனக்கு.

மார்ச் 21

ஆதி வீட்டுக்கு வந்தாள். காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். அதுகூட யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்தது. என் சமையலறைவரை வந்து தானே தண்ணீர் மொண்டு குடித்தாள்.

"இது உனக்கு வரவேண்டியது ரேவதி. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் வாங்கிக்கிட்ட."

"குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். வேணாம்னு சொல்லியிருந்தா உனக்குக் குடுத்திருப்பாங்களா?"

அவள் போன பிறகு ஒரு மணி நேரம் பதில் யோசித்தேன். ஒரு பதிலும் கிடைக்கவில்லை. அவள் கேட்டது சரி. அதுதான் எரிகிறது.

கட்டியிருந்தது ஆரணிப் பட்டு. அரக்கில் மாம்பழ பார்டர். எனக்கு அந்த நிறம் எடுக்காது.

மார்ச் 29

அடி அண்ணாமலையில் பிரச்சாரம். நான் பிறந்த ஊர். திறந்த வேன் மேலே அவள் நிற்கிறாள். கீழே நோட்டீசோடு முன்னால் நடந்து போகிறேன் நான். ஒவ்வொரு வாசலிலும் "வா ரேவதி", "நல்லா இருக்கியா ரேவதி" என்று என்னைத்தான் கேட்டார்கள். முதியோர் பென்ஷன் நான் வாங்கிக்கொடுத்தது, ரேஷன் கார்டு நான் அலைந்து வாங்கியது. மனசு குளிர்ந்துபோய் நடந்தேன்.

வேன் வந்ததும் என்னிடம் பேசிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "மூட்டையில இருக்கறவங்கடி! நேர்ல இன்னும் அழகா இருக்காங்க!"

என் கையில் நோட்டீஸ் மட்டும் மிச்சம்.

ஏப்ரல் 2

அவளுக்குப் பேச வரவில்லை. கலசப்பாக்கத்தில் மூன்று நிமிஷத்தில் முடித்துவிட்டாள். எனக்குள் ஒரு சந்தோஷம், சொல்லக்கூடாத சந்தோஷம். மதியம் சாப்பிடும்போது மாவட்டம், "நீ எழுதிக் குடும்மா" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். நானே பேசுவதற்காக மனசுக்குள் வருஷக்கணக்கில் வைத்திருந்த வார்த்தைகள். மாலையில் போளூரில் அதை அப்படியே ஒப்பித்தாள். கூட்டம் கை தட்டியது. என் வார்த்தைக்கு விழுந்த கைதட்டலைக் கூட்டத்தோடு நின்று கேட்டேன்.

ஏப்ரல் 6

தும்பைக்குப்பத்தைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னாள். "அந்த ஊரு வேணாம்." ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளுடைய ஆலைச் சாம்பல் அந்த ஊர் ஏரியில்தான் படிகிறது. தண்ணீர் கறுத்து, மாடுகூட வாய் வைப்பதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நான் கவுன்சிலராக இருந்தபோது, அந்த ஊர்ப் பெண் இனியா நூற்றுப் பதினெட்டுப் பேர் கையெழுத்தோடு ஒரு மனு கொண்டுவந்தாள். படித்த பெண். ஏரித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து என் மேஜைமேல் வைத்தாள். 'பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாவட்டம், "பெரிய இடம், இப்ப வேணாம்" என்றார். மனுவை அலுவலக பீரோவில் வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

இன்று அது ஞாபகம் வந்தது ஏரிக்காகவா? இல்லை. பொய் எழுத வேண்டாம்.

ஏப்ரல் 8

செய்துவிட்டேன்.

காலையில் அலுவலகம் போய் முருகையன் அண்ணனிடம் பீரோ சாவி கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தார். மனுவை நகல் எடுத்துச் சுரேஷ்குமாரிடம் சேர்த்தேன். ஒன்றியக் கூட்டத்தில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து சண்டை போட்டவர். எதிர்க்கட்சி. "நீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

வீட்டுக்கு வந்து எப்போதும்போல் சோறு வடித்தேன். அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 10

எல்லார் செல்போனிலும் அந்த வீடியோ. கறுப்பு ஏரி, மனு, நூற்றுப் பதினெட்டுக் கையெழுத்து. கடைசியில் அரிசி மூட்டையில் அவள் சிரிப்பு.

முடிந்தாள் என்று நினைத்தேன். பத்து மணிக்கு ஆதியிடமிருந்து போன். "ரேவதி, தும்பைக்குப்பம் போறோம். நீயும் வா."

போனோம். வேன் இல்லை, மேளம் இல்லை. ஆதி நேராக ஏரிக்கு நடந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால்வரை அந்தத் தண்ணீரில் இறங்கினாள். "தப்பு என்னோடது. ஜெயிச்சாலும் தோத்தாலும் ஒரு மாசத்துல சாம்பல் நிக்கும்." எழுதிக் கொடுக்காத பேச்சு. நான் எழுதியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

கிழவிகள் அழுதார்கள். இனியா மட்டும் அழவில்லை. என் பக்கத்தில் வந்து மெதுவாக, "உங்ககிட்ட குடுத்த மனுதானேக்கா அது. ரெண்டு வருஷம் எங்க இருந்துச்சு?" என்றாள்.

ஏப்ரல் 12

முருகையன் அண்ணனைக் கட்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். பீரோ சாவி அவரிடம் இருந்ததாம், மனுவைக் கொடுத்தது அவர்தானாம்.

நான் அங்கேயே இருந்தேன். மாவட்டம் கத்துகிறார், "யாருக்குய்யா குடுத்த சாவிய? சொல்லு!" அண்ணன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் பக்கம் பார்த்தார். பிறகு, "ஞாபகம் இல்லீங்க" என்றார். சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார். சட்டைப்பையிலிருந்த கட்சி அட்டையையும் வைத்தார்.

நான் வாயைத் திறக்கல. திறக்கலையே! இன்னாத்துக்குடி உனக்கு அரசியல்?

ஏப்ரல் 15

பிரச்சாரம். தொண்டை கட்டிவிட்டது. பேச முடியாதது நல்லதாகப் போயிற்று.

ஏப்ரல் 24

ஓட்டுப் போட்டேன். திரைக்குள் நின்று அவள் பெயருக்கு நேரே விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தேன். அழுத்தினேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

மே 20

ஜெயித்துவிட்டாள். தும்பைக்குப்பத்திலேயே அவளுக்குத்தான் ஓட்டு ஜாஸ்தி. மாலை போட்டுப் போட்டு முகமே தெரியவில்லை. கூட்டத்தில் என்னை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். படம் எடுத்தார்கள். சாயங்காலமே நெட்டில் வந்துவிட்டது. அதில் என் தோள் மட்டும் இருக்கிறது.

மே 22

முருகையன் அண்ணன் ஒரு லாட்ஜ் வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருப்பதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நேராக ஆதி வீட்டுக்குப் போனேன்.

"மனுவைக் குடுத்தது நான்தான்" என்றேன்.

அவள் டெல்லிக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். புடவையை மடிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும். வீடியோவுல மனு மேல உன் கையெழுத்து இருந்துச்சு. ஆறு வருஷம் பாத்து எழுதினவ நான். உன் எழுத்து தெரியாதா?"

"அப்ப முருகையன் அண்ணனை ஏன்—"

"யாரையாவது எடுக்கணும்னு மேலிடம் சொன்னாங்க. உன்னை எடுத்தா பத்து ஊரு ஓட்டு போயிடும். அவரை எடுத்தா யாருக்கு இன்னா நஷ்டம்?"

கோபமே இல்லை அவளிடம். என்மேல் கோபப்படும் அளவுக்குக்கூட நான் இல்லை. அதையும்விடக் கேவலம், அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது: இப்படி யோசிக்க எனக்கு வராது, அதனால்தான் இவள் டெல்லிக்குப் போகிறாள், நான் போகவில்லை. அப்போதும் பொறாமைதான்! சீ.

"அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்கு உன் பேரைச் சொல்றேன். இதோட விட்டுடு" என்றாள்.

மே 23

எம்.எல்.ஏ. ரேவதி. நாள் முழுக்க அந்த இரண்டு வார்த்தையோடு இருந்தேன். இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் முறையாகச் சிரிக்கவில்லை. "அந்த மனுஷன் வெயில்ல உக்காந்துனு இருக்காரு ரேவதி" என்றார்.

மே 25

தலைமைக்குக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மனுவை வெளியே கொடுத்தது நான், சாவி வாங்கியது நான், முருகையன் நிரபராதி. பத்து வரிதான். மாவட்டத்துக்கு ஒரு நகலை நானே அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். அரை மணி நேரத்தில் போன் செய்து கத்தினார். "எல்லாரும் மறந்துட்டாங்களேம்மா! நீ ஏன் ஞாபகப்படுத்தற?"

ஜூன் 9

என்னை நீக்கிவிட்டார்கள். பேப்பரில் இரண்டு வரி. முருகையன் அண்ணனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். போய்ப் பார்த்தேன். கை எடுத்துக் கும்பிட்டேன். தடுக்கவில்லை, ஏற்றுக்கொள்ளவும் இல்லை. "அம்பத்தெட்டு நாளும்மா" என்றார். எண்ணியிருக்கிறார்.

மன்னித்துவிட்டேன் என்று சொல்வார் என நினைத்துப் போனேன் போலிருக்கிறது. சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 20

வெள்ளைத் துண்டு போட்ட கட்சிக்காரர்கள் யாரும் தெருவில் எனக்கு வணக்கம் சொல்வதில்லை. என் கை தானாக எழுகிறது, பாதியில் இறக்கிக்கொள்கிறேன்.

சாம்பல் நிற்கவில்லை என்று இனியா போன் செய்தாள். ஆதி சொன்ன ஒரு மாசம் எப்போதோ முடிந்துவிட்டது.

ஜூலை 8, திங்கள்

வேங்கிக்கால். கலெக்டர் அலுவலகத்தில் மனு நாள். வாசலில் போலீஸ்காரப் பெண் பையைத் திறந்து மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தாள். முன்பெல்லாம் கட்சிக் கரைப் புடவையைப் பார்த்ததும் உள்ளே விட்டுவிடுவார்கள். இன்று இனியாவோடும் ஊர்ப் பெண்கள் எட்டுப் பேரோடும் வரிசையில் நின்றேன். புது மனு. முதல் கையெழுத்து என்னுடையது.

வரிசையில் முன்னால் நின்ற பெண் செல்போனில் காட்டினாள், "பாருங்கக்கா, நம்ம எம்.பி. பேசறாங்க." நாடாளுமன்றத்தில் ஆதி. தமிழில் பேசினாள். திக்கவே இல்லை. அந்தப் பச்சைக் கம்பள மண்டபத்தில் அவள் நிற்பதைப் பார்த்தபோது வயிற்றில் அதே பழைய தீ. அணைந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

"நல்லா பேசறாங்க இல்ல?" என்றாள்.

"நல்லாத்தான் பேசறா" என்றேன். உண்மை அது.

உள்ளே மனு வாங்கியவர், "எந்தக் கட்சி, எந்தச் சங்கம்?" என்றார். எதுவும் இல்லை, ஏரிக்காக வந்திருக்கிறோம் என்றேன். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோது நினைத்தேன். இந்த மனுவில் ஏரி எவ்வளவு, பொறாமை எவ்வளவு? என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வியாழக்கிழமை அதிகாரிகள் ஏரியைப் பார்க்க வருகிறார்களாம். இனியா கேட்டாள், "அன்னிக்கு நீங்க இருப்பீங்களாக்கா? நிஜமா?"

இருப்பேன் என்றேன்.