என் கல்யாணத்துக்கு நான் போகவில்லை

ஜூன் 7, 1993. திங்கள்

காலையிலேயே வெயில். 8.10 பஸ். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பத்திர ஆபீஸுக்கு, நானும் இவரும். எனக்கும் மகளுக்கும் சவுதி விசா வேண்டுமென்றால் பள்ளிவாசல் கல்யாணப் புத்தகத்தின் நகல் போதாதாம். சர்க்கார் முத்திரையோடு கல்யாணப் பத்திரம் வேண்டுமாம். இவருக்கு லீவு ஜூலை 20 வரை. அதற்குள் கிடைக்காவிட்டால் வழக்கம்போல் இவர் மட்டும் விமானம் ஏறுவார். நான் இன்னும் இரண்டு வருஷம் கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன். போதும் அந்தப் பிழைப்பு.

எடுத்துப்போனவை: ரேஷன் கார்டு, போட்டோ 6, புத்தக நகல், எலுமிச்சை சாதம்.

கிளார்க் அம்மா நல்ல மாதிரிதான்.

"கல்யாணம் எங்கம்மா நடந்துச்சு?"

"பள்ளிவாசல்ல."

"நீங்க அப்ப எந்தப் பக்கம் உக்காந்திருந்தீங்க?"

"நான் வீட்லல்லா இருந்தேன்."

எழுதிய கை நின்றது. "என்னம்மா, உங்க கல்யாணத்துக்கு நீங்களே போகலையா?"

பக்கத்து மேஜை வரை சிரிப்பு. இவர் முகம் சிவந்துவிட்டது. எங்களில் அப்படித்தான், பெண்ணிடம் வீட்டுக்கு வந்து சம்மதம் கேட்டுப்போய் அங்கே சொல்வார்கள் என்று விளக்கினார்.

"அப்ப கேக்க வந்தவங்களைக் கூட்டிட்டு வாங்க. முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டணும், அதுக்குப் பொறவு."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா!

ஜூன் 8

சாரல். துணி காயவில்லை.

கேட்க வந்தவர்கள் மூன்று பேர். என்னைப் பெற்ற அத்தா மவுத்தாகி ஆறு வருஷம். எதிர்வீட்டுப் பெரியவரும் உயிரோடு இல்லை. மிச்சம் தளவாய்புரம் காசிம் மாமு, அம்மாவின் தம்பி. அவருக்கும் வீசிங்.

நேற்றிலிருந்து அந்த நாள்தான் மனசில். உள் அறை. அம்மாவின் பச்சைப் பட்டு. கழுத்தெல்லாம் வியர்வை. பள்ளிவாசல் இரண்டு தெரு தள்ளி. கல்யாணம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்ததே பேரீச்சம்பழத் தட்டு வாசலுக்கு வந்தபோதுதான். பதினெட்டு வயசு. வீடு கொள்ளாத ஆட்கள். அத்தா அத்தனை பேரையும் பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டார். அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்டால் போதும்.

ஜூன் 11, வெள்ளி

நோட்டீஸ் ஒட்டியாயிற்று. பன்னிரண்டு வருஷம் கழித்து, இந்தக் கல்யாணத்துக்கு ஆட்சேபம் உண்டா என்று ஊரைக் கேட்கிறார்கள். இவர் பார்த்துவிட்டு வந்து, "ஏட்டி, ஆட்சேபம் இருந்தா நீயே எழுதிப் போட்ரு" என்றார். சிரித்தேன்.

மிளகாய் காயப்போட வேண்டும்.

ஜூலை 12, திங்கள்

மாமு வந்துவிட்டார், மூச்சிரைக்க. கையெழுத்துக்குத் தெருக்காரர்கள் இரண்டு பேர்.

பதிவாளர் மாமுவிடம் கேட்டார். "பொண்ணு சம்மதம்னு சொன்னதை உங்க காதால கேட்டீங்களா?"

மாமு பொய் சொல்லத் தெரியாத மனுஷர். "இல்லங்கய்யா. மூணு தரம் கேட்டோம். வாயே தொறக்கல. தலையக் குனிஞ்சே இருந்துச்சு. எங்கள்ல அதுவே சம்மதந்தான்."

இவர் சட்டென்று என்னைப் பார்த்தார். அன்று பள்ளிவாசலில் இவரிடம், பெண் சம்மதம் சொல்லிவிட்டது என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

பதிவாளர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை நான் எப்படி எழுத?"

இவர் லீவு முடிய இன்னும் எட்டே நாள்.

"சரி, இப்பச் சொல்லுங்கம்மா. சம்மதந்தானா?"

"சம்மதம்" என்றேன். வேண்டியதைவிடச் சத்தமாக. மாமு கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையெழுத்துகள். முத்திரை.

பஸ்ஸில் இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு ஏன் வாயத் தொறக்கல?"

"அன்னைக்கு உங்களத் தெரியாதே."